ஆடிட்டுக்கு ஒன்பது குழந்தைகள்

மார்ச் 4

இந்த ஊர் பனியன் கம்பெனிகள் குழந்தைகளைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் பனியன் தைக்கின்றன.

கோபத்தில் எழுதவில்லை. காலை எட்டேகாலுக்கு எங்கள் லைன் வீடுகளின் முன்னால் நின்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரிசையாகப் பன்னிரண்டு வீடு, எல்லாம் சிமெண்ட் ஷீட் கூரை. அதில் நான்கு வீட்டில் பூட்டு வெளியே தொங்கும், பிள்ளை உள்ளே இருக்கும். பெற்றவள் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். துணைக்கு ஐந்து வயது அக்கா ஒருத்தி உள்ளே இருந்தால் அந்தப் பிள்ளை அதிர்ஷ்டசாலி.

இன்று மூன்றாம் நம்பர் வீட்டு மேகலாவின் பையன் தர்ஷன் கட்டில் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டான். பதினான்கு மாதப் பிள்ளை. தினமும் அழுகிறவன்தான். அழுகை மாறியதால் எனக்குத் தெரிந்தது. அப்பா நைட் டியூட்டி முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்பினேன். சுத்தியலை எடுத்து வந்து பூட்டை உடைத்தார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது, பாதி அடி சுவரில் விழுந்தது. நாங்கள் உள்ளே போனபோது பையன் அழுவதை நிறுத்தியிருந்தான். கம்பியை நான் வளைத்தேனா, அப்பா வளைத்தாரா என்று ஞாபகமில்லை. பிள்ளை மூச்சு விட்டது. பிறகு என் தோளில் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிப் போனது.

மேகலா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரை மணிக்கு மேல் வந்தாள்.

"பூட்ட ஒடச்சிட்டீகளா? நல்ல பூட்டுக்கா அது."

பிறகுதான் பையனின் கழுத்தில் இருந்த சிவந்த கோட்டைப் பார்த்தாள். அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திண்டுக்கல் பக்கத்தில் இருந்து வந்தவள். புருஷன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான்.

"நாளைக்கு இவன எங்கக்கா விட?"

"என்ற கிட்ட வுடு," என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

நான் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பதும் அதே கம்பெனியால்தான். செக்கிங்கில் மூன்று வருஷம் நின்றேன். போன மாதம் ஒரு பெண் பால் கட்டிய வலியில் கேட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வர நேரம் கேட்டாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அசிங்கமாகப் பேசினான். நான் பதிலுக்குப் பேசினேன். மறுநாள் என்னை வர வேண்டாம் என்றார்கள். அப்பா அதே கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. என்னை உள்ளே விடாதே என்று அவரிடமே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, "விடு அம்மிணி," என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 5

தர்ஷன் மத்தியானம்வரை அழுதான். நானும் கொஞ்ச நேரம் அழுதிருப்பேன், அடுப்பில் சோறு இருந்ததால் முடியவில்லை.

பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பனியன் வேஸ்ட் மட்டும் வீட்டில் நிறைய இருக்கிறது. கட்டிங்கில் கழித்துப் போடும் துண்டுத் துணி. கீழே விரிக்க, துடைக்க, இடுப்பில் கட்ட எல்லாம் அதுதான். நூல் தீர்ந்த கோன்களை அப்பா ஒரு பையில் கொண்டு வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் தர்ஷன் வந்து தட்டிவிடுகிறான். சிரிக்கிறான். மறுபடி அடுக்க வேண்டும்.

அப்பா தூங்கவே இல்லை. பகலில் தூக்கம் வரவில்லையாம். பையன் அவர் கையைப் பிடித்து, விரல் இல்லாத இடத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பல் முளைக்கிற ஈறுக்கு அது வாட்டமாக இருக்கிறது போல.

நிரந்தரமாகச் செய்யப் போவதில்லை. வேறு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 7

இன்று எத்தனை ஈரத்துணி என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பி.காம். படித்தது வீண் போகவில்லை.

மார்ச் 11

மேகலா கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். காலையில் கதவைத் திறந்தால் சுனிதா நிற்கிறாள். ஒடிசாக்காரி. ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண், பெயர் மிட்டு.

"தீதி, இவ சோறு சாப்புடாது. தண்ணி சோறு குடு, சாப்புடும்."

"பழைய சோறா?"

"ஆமா தீதி. வெங்காயம் வேணும். மிளகாய் வேணாம்."

தீதி என்றால் அக்காவாம். ஒடிசாவில் இருந்து இவ்வளவு தூரம் வந்த பிள்ளை என் அப்பா சாப்பிடுகிறதையே சாப்பிடுகிறது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். யார் அதிகம் சாப்பிட்டார்கள் என்பதில் சண்டை.

மார்ச் 19

ஆறு பிள்ளைகள். ஒருத்தி தவழ்கிறவள், மற்றவர்கள் நடக்கிறார்கள், மிட்டு ஓடுகிறாள்.

வீட்டுக்காரம்மா சம்பூர்ணத்தக்கா இன்று வந்துவிட்டார். பன்னிரண்டு வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர். தெருமுனை மாடி வீடு அவருடையது.

"ஏனம்மிணி, வூடு வாடகைக்கு வுட்டனா, பால்வாடி நடத்த வுட்டனா? டேங்க்குல பொட்டுத் தண்ணி இல்ல."

"துணி அலசறதுக்குங்க அக்கா."

"கண்ணாலம் காச்சி ஆகாத புள்ள, ஊருக்குப் பொறந்ததையெல்லாம் வெச்சு அலசிக்கிட்டிருந்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"வந்தா அவனையும் அலச வெச்சுக்கறனுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம். எங்கள் டேங்க் நிறைந்து வழிந்தது. நன்றி சொல்லப் போனால், "வழிஞ்சு வீணாப் போவுது, போயிக் கேட்வால்வ மூடு மொதல்ல," என்று விரட்டினார்.

மார்ச் 28

ஒன்பது. இதற்கு மேல் முடியாது என்று கதவிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். இப்போது எங்கள் லைனில் வெளிப்பூட்டு எதுவும் இல்லை. காலையில் ஒருமுறை நடந்து பார்த்தேன். திண்டுக்கல், ஒடிசா, தர்மபுரி, எல்லா வீட்டுத் தாழ்ப்பாளும் வெறுமனே கிடக்கிறது. பார்ப்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

இந்தப் பெண்கள் என்னிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். திரும்பிப் பார்த்தால் போக முடியாது. முன்பின் தெரியாத என்னை நம்புகிறார்கள். சொந்த அத்தை மகள்கூட என்னை நம்பி ஒரு சுடிதார் இரவல் கொடுத்ததில்லை. மேகலா நேற்று முருங்கைக்காய் கொண்டு வந்தாள். சுனிதா ஞாயிற்றுக்கிழமை வந்து என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பேன் பார்த்துவிட்டுப் போனாள். பேன் மிட்டுவிடம் இருந்துதான் வந்தது. அதனால் நன்றி பாதிதான்.

சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதினால் ஒன்பதும் வாசலுக்கு ஓடுகின்றன. தவழ்கிறவள் கடைசியாகப் போய்ச் சேருகிறாள். ஒன்றரை ஷிப்ட் என்றால் பாதிப் பேருக்கு அம்மா வரமாட்டாள். அம்மா வராத பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே. அந்த நேரத்தில் முதலாளியை இங்கே கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும்.

ஏப்ரல் 3

வேறு கம்பெனியில் இருந்து ஆள் அனுப்பினார்கள், செக்கிங் வேலை இருக்கிறது என்று. இந்த வாரம் முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 9

வெயில். ஷீட் கூரையைத் தொட முடியாது. கீழே உட்கார்ந்திருந்தால் தலைமேல் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. ஒன்பது முதுகிலும் வேர்க்குரு. ஈரத்துணி விரித்துப் படுக்க வைத்தால் பத்து நிமிஷத்தில் துணி காய்ந்துவிடுகிறது. அப்பா கூரைமேல் ஏறித் தென்னங்கீற்று பரப்பினார். கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

கம்பெனியில் குழந்தைகளுக்கென்று ஒரு அறை இருக்கிறது, கிரஷ் என்று பெயர். இதுவரை எழுதவில்லை, எழுதினால் தூக்கம் போய்விடும் என்று. சுவரில் யானையும் முயலும் வரைந்திருக்கும். ஏ.சி. உண்டு. சின்னச் சின்ன மெத்தை, சின்னக் கக்கூஸ், பொம்மை எல்லாம் பிளாஸ்டிக் கவரோடு அலமாரியில் இருக்கும். நான் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளை அதற்குள் போனதில்லை. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ஆடிட். அன்று மட்டும் அறையைத் திறந்து ரூம் ஸ்பிரே அடிப்பார்கள். குழந்தைகள் எங்கே என்று போன முறை கேட்டதற்கு, "இன்னைக்கு அவங்களுக்கு லீவு," என்றார்களாம்.

ஏப்ரல் 12

மிட்டு.

மத்தியானம் கரண்ட் போனது. எல்லாரும் தூங்கி எழுந்தார்கள், அவள் எழவில்லை. தொட்டால் கொதிக்கிறது. வேர்வையே இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் எட்டுப் பேரையும் விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். சம்பூர்ணத்தக்கா உடனே நைட்டியோடு ஸ்கூட்டியை எடுத்தார். வழியெல்லாம் ஹாரனை அமுக்கியபடியே போனார்.

பெரியாஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மிட்டு, "தாத்தா சோறு," என்றாள். என் அப்பாவோடு சாப்பிடும் பழைய சோற்றைக் கேட்கிறாள்.

கம்பெனிக்குப் போன் போட்டபோது, லைன் நின்றுவிடும், ஷிப்ட் முடிந்ததும் சுனிதாவிடம் சொல்கிறோம் என்றார்கள். முடிந்த பிறகுதான் சொன்னார்கள். வந்து என் காலைப் பிடித்தாள். என் கூரையால் வந்தது, என் காலை எதற்குப் பிடிக்கிறாள்?

டாக்டரம்மா கேட்டார், "ஷீட் வீடா? இந்த வெயில்ல அதுக்குள்ள ஒன்பது கொழந்தையா? மே மாசம் முழுக்க இருக்கு. அடுத்த தடவ இப்படி நேரத்துக்குக் கொண்டுவர முடியாம போகலாம்."

ஏப்ரல் 13

டாக்டரம்மாவுக்கு நன்றி. சம்பூர்ணத்தக்காவுக்கு நன்றி. ஹாரனுக்கு நன்றி. ரத்தம் கசிய ஊசி குத்தின இடத்தைக் காட்டி, "பூச்சி," என்று சொல்லிச் சிரிக்கிற மிட்டுவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சம்பூர்ணத்தக்கா தன் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார், கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும். ஓடி என்ன, கொதிக்கிற காற்றைத்தான் சுற்றுகிறது.

"மழ வர்ற வரைக்கும் நிப்பாட்டிரு அம்மிணி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னையத்தான் சொல்லுவாங்க."

நிறுத்தினால் மறுபடி பூட்டு. அதே கூரைக்கடியில், ஆளும் இல்லாமல். இரண்டில் எது நல்லது என்று யோசித்துப் பார்க்கிறேன். இப்படி யோசிக்க வைத்திருக்கிறார்களே.

ஏப்ரல் 22

ஹெச்.ஆர். பிரதாப் வீட்டுக்கு வந்தார். என்னை வேலையை விட்டு அனுப்பியவர். கதவில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். தர்ஷன் அவர் டையைப் பிடித்து இழுத்தான்.

"சிஸ்டர், ஒரு ஹெல்ப். வியாழக்கிழம ஆடிட். இந்தத் தடவ கொழந்தைங்க இருந்தாத்தான் பாஸ்னு கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு நாள் இவங்கள அங்க வச்சுக்கலாம். நீங்களும் வாங்க, டீச்சர் மாதிரி. எல்லாம் நம்ம ஒர்க்கர்ஸ் கொழந்தைங்கதானே, பொய்கூட இல்ல."

"அடுத்த நாள்?"

"ஆடிட் முடியட்டும், ரூம ஓப்பன் பண்ணி விட்டுர்றோம் சிஸ்டர். நான் பேசறேன்."

"யாருகிட்ட?"

"மேல."

மேலே பார்த்தார், உண்மையாகவே. தென்னங்கீற்று இடுக்கில் ஷீட் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எப்படி இதுக்குள்ள இருக்கீங்க?" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். தர்ஷன் விடாமல் டையைப் பிடித்திருந்ததால் அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை, என்னால் திட்டவும் முடியவில்லை.

ஏப்ரல் 23

அம்மாமார்களை ராத்திரி கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளைகள் அவர்களுடையவை.

மேகலாதான் முதலில் பேசினாள். "ஆடிட்டு போச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா எங்களுக்குத்தேன் மொதல்ல கணக்கு முடிப்பாக. கூட்டிட்டுப் போங்கக்கா."

"அங்க உள்ள போயி உண்மையச் சொல்லிட்டா?" என்றேன்.

சுனிதா மிட்டுவின் கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அங்க ஏ.சி. இருக்கு, தீதி," என்றாள்.

ஏப்ரல் 25

காலை ஏழு மணிக்கு வேன் அனுப்பினார்கள். கேட்டில் அப்பா. இந்த வாரத்தில் இருந்து அவருக்குப் பகல் டியூட்டி. வேனுக்கு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். என்னை உள்ளே விடக்கூடாது என்று அவருக்குச் சொன்ன கேட்.

ஒன்பது பேருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். எக்ஸ்போர்ட் பீஸ், நெஞ்சில் வாத்துப் படம். டீ டைமில் மேகலா எட்டிப் பார்த்தாள். மகனின் தோள் தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இது ஏம் மெஷின்ல ஓடுனதுக்கா," என்றாள். ஆயிரக்கணக்கில் தைத்திருப்பாள். பிள்ளை உடம்பில் பார்ப்பது முதல் தடவை.

பொம்மைகளின் பிளாஸ்டிக் கவரை விடியக்காலையில்தான் கிழித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பொம்மையை விட்டுவிட்டு மூலையில் கிடந்த கவரை நசுக்கி டப் டப் என்று வெடித்தார்கள். பிரதாப் வியர்த்துப்போய் கவரைப் பிடுங்கினார். தர்ஷன் அலறினான். கடைசியில் அப்பாவை வரச் சொல்லித்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அந்த அறையைப் பற்றி உண்மையை எழுதுகிறேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் ஒன்பதும் தூங்கின. ஒருத்தரும் அழவில்லை, ஒருத்தரும் சொறியவில்லை. தவழ்கிறவள் மெத்தையில் கையை விரித்துப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இவர்கள் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூங்காத பிள்ளைகள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆடிட்டர் பெங்களூரில் இருந்து வந்த ஒரு அம்மா. ஷூவைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிரதாப்பை வெளியே போகச் சொன்னார். தமிழ் கொஞ்சம் பேசினார்.

"நல்லா தூங்குது. தினமும் இப்படியா?"

"ஆமாங்க."

"நீங்க எவ்ளோ நாள் இங்க வேலை?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் லைன் தெரிந்தது. மேகலா தலையைத் தூக்கவில்லை. சுனிதா தூக்கினாள்.

"ஆறு மாசமுங்க."

"தேங்க் யூ," என்றார். "இந்த ஊர்ல இப்படி ஒரு ரூம் நான் பார்த்ததே இல்ல." கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன். என்னையும் பிள்ளைகளையும் போட்டோ எடுத்தார்.

சாயங்காலம் டீ-ஷர்ட்டைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஏப்ரல் 26

பாஸ். மேகலா ஸ்வீட் கொண்டு வந்தாள். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை, பல் வலி.

ஏப்ரல் 29

மிட்டு தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். "ஜில்லு வீடு போலாம்." நாளைக்கு என்கிறேன். நாளைக்கு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அதனால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்து நிற்கிறாள்.

பிரதாப்புக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறாராம். மறுபடி செய்தேன். எடுத்து, "மேல பேசியிருக்கேன் சிஸ்டர். கரண்ட் பில் அது இதுன்னு யோசிக்கறாங்க," என்றார். குரலில் வெட்கம் இருந்தது. வெட்கம் ஏ.சி. போடாது.

மே 2

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

"உன்ற போட்டோவ ரிசப்ஷன்ல மாட்டியிருக்காங்க அம்மிணி. பெரிசா, கண்ணாடி போட்டு. மடில மிட்டு. வர்ற வெள்ளக்காரங்கெல்லாம் நின்னு பாக்கறாங்க."

"போட்டோ ஏ.சி.ல இருக்குது, புள்ளைக இங்க வேகுது. உங்களுக்கு வெக்கமா இல்லீங்களாப்பா? கட்டிங் மெஷின்ல வெரல வெட்டி எடுத்துட்டுக் கேட்டுல நிக்க வெச்சாங்க, அதுக்கும் சல்யூட் அடிக்கறீங்க."

இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கையைக் கழுவினார். தட்டுப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடாமல் பேசினார்.

"உங்கம்மா போனப்ப உனக்கு ஒரு வயசு. பாத்துக்க நாதி இல்ல. பெரிய மொதலாளி அப்ப இருந்தாரு, இவங்கப்பா. அவுருகிட்டப் போயி வேலைய வுட்டுர்றனுங்கன்னேன். 'எதுக்கு வுடற? கூட்டிட்டு வா, வேஸ்ட் மூட்ட மேல போட்டுக்க'ன்னாரு. மூணு வருசம் நீ அங்கதான் தூங்குன. கட்டிங் டேபிள்ல நின்னு பாத்தா உன்ற காலு தெரியும்."

எனக்கு இது தெரியாது. புதுப் பனியன் துணி வாசம் எனக்குச் சின்ன வயதில் இருந்தே பிடிக்கும். எண்ணெயும் நூலும் கலந்த வாசம். ஏன் என்று யோசித்ததில்லை.

"அதுக்குத்தான் சல்யூட்டு," என்றார்.

அவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன். என்னை யாரும் நன்றி கெட்டவள் என்று சொல்ல முடியாது. மூன்று வருஷம் தூங்க இடம் கொடுத்த கம்பெனி அது. பக்கத்தில் ஒரு பிள்ளை தூங்கினால் வேலை கெட்டுப் போகாது என்று அவர்களுக்கு ஒருகாலத்தில் தெரிந்திருக்கிறது. அப்போது அறையும் இல்லை, ஏ.சி.யும் இல்லை, ஆடிட்டும் இல்லை. ஆனால் பிள்ளை இருந்தது. இப்போது பிள்ளையைத் தவிர எல்லாம் இருக்கிறது. மறந்துவிட்டார்கள். அங்கே தூங்கினவள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மே 5, ஞாயிறு

அம்மாமார்களிடம் சொன்னேன், நாளைக்கு நான் கம்பெனிக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்று. என்ன கேட்பீர்கள் என்றார்கள். ஆறு மாசமாக நான் அங்கே வேலை செய்கிறேன் அல்லவா, வேலைக்குத்தான் போகிறேன் என்றேன். மேகலாதான் முதலில் சிரித்தாள். பிறகு பயந்தாள்.

"தனியாப் போயி என்னக்கா செய்வீக? கதவக்கூடத் தொறக்க மாட்டாக." தர்ஷனை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பிள்ளைகள வீட்டுல விடல. நாங்க கம்பெனிக்குத் தூக்கிட்டு வாரோம். கேட்டுலயே வாங்கிக்கங்க."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கேட்டு வரைக்கும் ரோடுதானக்கா. ரோட்டுல பிள்ளையக் கொடுத்தா என்ன ஆகும்?"

நான் கேட்டிருக்க மாட்டேன். அவளாகச் சொன்னாள். ஒருத்தியாவது வராமல் போகலாம் என்று நினைத்தேன்.

மே 6, திங்கள்

கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒருத்தியும் பின்வாங்கவில்லை. எட்டு மணிக்கு ஒன்பது பேரும் வரிசையாக வந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு. எல்லாரும் பார்க்க என் கையில் கொடுத்துவிட்டு, பஞ்ச் வைக்க உள்ளே போனார்கள். சுனிதா மட்டும் திரும்பிப் பார்த்தாள். மற்ற லைன் பெண்கள் நின்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தி தன் பையில் இருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மிட்டுவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பெயர் தெரியாது. நன்றி.

சங்கு ஊதியது. சங்கு கேட்டால் அம்மா வருவாள் என்று பிள்ளைகளுக்குப் பழக்கம். ஒன்பதும் கேட்டைப் பார்த்துத் திரும்பின. கேட் மூடியது. மூடியது அப்பா.

கம்பிக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டையில் நிற்கிறார். என்ன வேணும் என்று கேட்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"ஆபீஸ்ல சொல்லுங்கப்பா. கிரஷ் டீச்சர் வந்திருக்கா. ரிசப்ஷன்ல போட்டோ இருக்கறவ. புள்ளைகளும் வந்தாச்சு. ரூமத் தொறக்கச் சொல்லுங்க."

இன்டர்காமை எடுத்து நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். 'கிரஷ் டீச்சர்' என்றுதான் சொன்னார், என் மகள் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே மறுபடி எடுத்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை போல. மூன்றாவது முறையும் எடுத்தார். மாடி ஜன்னலில் பிரதாப் தெரிந்தார். பிறகு திரை தெரிந்தது.

வெயில் ஏறுகிறது. அப்பா செக்யூரிட்டி அறையில் இருந்த தன் நாற்காலியைச் சின்னக் கதவு வழியாக வெளியே தள்ளினார். தவழ்கிறவளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். தண்ணீர்க் கேனையும் தள்ளினார். பிறகு கம்பியை ஒட்டி வந்து நின்றார், அவர் நிழல் எங்கள்மேல் விழுகிற மாதிரி. தர்ஷன் கம்பி இடுக்கில் கையை விட்டு அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவருக்கு எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

மிட்டு பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நிற்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி என்னைப் பார்க்கிறாள். இன்றைக்கு நாளைக்கு என்று சொல்ல மாட்டேன்.

எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதலாளிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"அப்பா, கதவத் தொறங்க."